கொடியெழுத்து

செல்லமுத்து பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்து, கம்ப்யூட்டர் திரைக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“அந்தப் பேர மட்டும் எடுத்துடும்மா. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்.”

எந்தப் பேர் என்று சொல்லவில்லை. நிர்மலாவும் கேட்கவில்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில், மாடியில் இருக்கும் அந்த ஸ்டுடியோவில் அவள் ஆறு வருஷமாக ஆல்பம் செய்கிறாள். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, எதுவானாலும் ஃபோட்டோக்களைக் கம்ப்யூட்டரில் பக்கம் பக்கமாக அடுக்கி, ஓரங்களில் பூவும் சரிகையும் வைத்து, பெயர்களை அலங்கார எழுத்தில் வரைந்து கொடுப்பாள். ரெடிமேட் எழுத்து அவளுக்கு ஆகாது. தியாகதுருகத்தில் செல்லமுத்து கட்டிய புதுவீட்டின் கிரகப்பிரவேச ஆல்பத்துக்கு, வீட்டார் நாலு பேரின் பெயரையும் முகப்பில் ஒரே மல்லிக்கொடியாக வரைந்திருந்தாள். அப்பாவின் பெயரில் கிளம்பும் கொடி அம்மாவின் பெயரைச் சுற்றி, அண்ணன் வெற்றிவேலின் மேல் படர்ந்து, எழில்மதியின் ‘ழி’யில் பூத்து முடியும். அதை வரையும்போது எழில்மதி பக்கத்தில்தான் இருந்தாள். “ழிக்குக் கொஞ்சம் வாலு ஜாஸ்தியா வைங்கக்கா. எனக்கு வாலு ஜாஸ்தின்னு எங்கம்மா சொல்லும்” என்று சிரித்தாள்.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் அவள் வேறு தெருப் பையன் ஒருவனோடு போய்விட்டாள். எந்தத் தெரு என்பதுதான் பிரச்சினையே. வெற்றிவேல் ஆள் சேர்த்துக்கொண்டு திருப்பூர் போனான், சென்னை போனான். “கையில மட்டும் கெடைச்சா” என்று டீக்கடையில் அவன் பாதியில் விட்டதை ஊரே முடித்துக்கொண்டது.

“ஞாயித்துக்கெழம எம்பையனுக்குப் பொண்ணு குடுக்கறவங்க வூடு பாக்க வராங்க. ஆல்பத்தப் பொரட்டுவாங்க. அது இருந்த ஃபோட்டோவெல்லாம் முன்னியே எடுத்தாச்சி, பேரும் வேணாம். அப்படி ஒருத்தி இருந்தான்னே தெரியக் கூடாது” என்றார் செல்லமுத்து. பின்னால் சுவரோர பெஞ்சில் அவர் மனைவி ராஜாம்பாள் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நாலு பெயரும் ஒன்றோடொன்று பின்னியிருந்ததால் ஒன்றை மட்டும் உருவ முடியாது. வெட்டித்தான் எடுக்க வேண்டும். நிர்மலா படத்தைப் பெரிதாக்கி இலை இலையாக அழித்தாள். ‘எ’ போனது. ‘மதி’ போனது. ‘ழி’யின் வால் அண்ணன் பெயருக்குள் நுழைந்திருந்ததால் அதற்கு நேரம் பிடித்தது.

“எடம் தெரியுதேம்மா” என்றார் செல்லமுத்து. “ஆளு எழுந்து போன பாய் மாரி இருக்குது.”

“கொடிய நீட்டி மூடிடறேங்க.”

அப்போது அவருடைய ஃபோன் அடித்தது. “சொல்லு வெற்றி” என்று ஜன்னல் பக்கம் திரும்பினார். அதே சமயம் திரையின் வலது கீழ்மூலையில் கடையின் வாட்ஸப் எட்டிப் பார்த்தது. பெயரில்லாத எண். ‘அக்கா நான் எழில்.’ அது மறைவதற்குள் அடுத்தது. ‘எங்க ரெண்டு பேர் பேரையும் அதே கொடி எழுத்துல போட்டு ஒரு பக்கம் செஞ்சு குடுங்க. ஃபோட்டோ அனுப்பறேன்.’

நிர்மலா மவுஸிலிருந்து கையை எடுத்தாள். திரும்பிப் பார்த்தாள். ராஜாம்பாள் பெஞ்சை விட்டு எழுந்து நின்றிருந்தாள். படித்துவிட்டாள் என்பது அவள் கண் திரையின் கீழ்மூலையிலேயே நின்றதில் தெரிந்தது.

செல்லமுத்து ஃபோனைப் பையில் போட்டார். “வெற்றி வந்துக்கினு இருக்கான். அது ஃபோட்டோ குடுக்க இங்கதான வந்து போய்க்கினு இருந்துச்சி, கம்ப்யூட்டர்ல எதுனா நம்பரு இருக்கும்ங்கறான். பாத்துட்டுப் போவட்டும்.”

“ஓனர் இல்லீங்களே. கல்யாணத்துக்குப் போயிருக்காரு.”

“ஓனரு எனக்குத் தெரிஞ்சவருதான்.”

“இன்னாங்க, கண்ண இருட்டிக்கினு வருது” என்றாள் ராஜாம்பாள். “ஒரு சோடா வாங்கியாங்க.”

அவர் மனைவியைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

செருப்புச் சத்தம் தேய்ந்ததும் ராஜாம்பாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். “எந்த ஊருன்னு எங்கிட்ட சொல்லிடாத. தெரிஞ்சா வெற்றி அடிக்கிற அடியில நானே சொல்லிடுவேன். மூஞ்ச மட்டும் காட்டு.”

“தள்ளி நில்லுங்கம்மா, ஒரு நிமிஷம்.”

அதற்குள் எழில்மதி அனுப்பியிருந்த ஃபோட்டோவை நிர்மலா திறந்தாள். புதுத்தாலிக் கயிற்றோடு எழில்மதி, பக்கத்தில் ஒல்லியாக ஒரு பையன், பின்னால் டீக்கடை போர்டு. போர்டில் பளிச்சென்று ‘வெள்ளிமலை’. எங்கெங்கோ தேடுகிறார்கள், இவர்கள் இதோ கல்வராயன் மலை மேல், இரண்டு மணி நேர பஸ் தூரத்தில் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். போர்டு திரைக்கு வெளியே போகும்வரை படத்தைப் பெரிதாக்கினாள். முகம் மட்டும் நின்றது.

“வாங்கம்மா.”

ராஜாம்பாள் அழவில்லை. “எளைச்சிட்டா” என்றாள். விரலைத் திரைக்கு அருகே கொண்டுபோய்த் தொடாமல் எடுத்துக்கொண்டாள். “போதும், அழிச்சிடு.”

நிர்மலா வேகமாகத் தட்டினாள். ‘போர்டுல ஊர் தெரியுது. யாருக்கும் அனுப்பாத. அங்கிருந்து கெளம்பு. இங்க மெசேஜ் போடாத.’ இரண்டு டிக்கும் நீலமாகும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலமானதும் மொத்தத்தையும் அழித்தாள். படிக்கட்டில் இப்போது இரண்டு ஜோடிக் கால்கள் ஏறிவந்தன.

வெற்றிவேல் வணக்கமும் சொல்லவில்லை. “எழுந்திரு, அக்கா” என்று அவள் நாற்காலியில் உட்கார்ந்தான். வாட்ஸப்பை மேலும் கீழும் உருட்டினான். மண்டபக்காரர், பூக்காரர், ஃபிரேம் கடை. பெயரில்லாத ஒவ்வொரு எண்ணையும் திறந்து பார்த்தான். ராஜாம்பாள் சோடாவை ஒவ்வொரு மிடறாகக் குடித்தபடி திரையின் கீழ்மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷம் அங்கே எதுவும் எட்டிப் பார்க்கவில்லை.

“ஒண்ணியும் இல்ல” என்று எழுந்தான். ஆனாலும் நிர்மலாவின் முகத்தில் அவன் கண் கொஞ்சம் கூடுதலாகவே நின்றது. நிர்மலா உட்கார்ந்து கொடியை நீட்டி வெற்றிடத்தை மூடினாள். செல்லமுத்து மூன்று பெயரோடு நின்ற முகப்பைப் பார்த்து, “பிரிண்டுக்கு அனுப்பிடும்மா” என்றார். மூவரும் இறங்கினார்கள்.

ஒரு நிமிஷத்தில் ராஜாம்பாள் மூச்சு வாங்க மேலே வந்தாள். பெஞ்சில் விட்டுப்போன பையை எடுத்தாள்.

“அது கேட்டத செஞ்சி வையி. என்னிக்குனா கேக்கும்.” வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். “பையன் பேரு பகலவன். தப்பில்லாம எழுது.”

அவள் போன பிறகு நிர்மலா ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்தாள். ‘எ’வின் முதல் சுழியைப் போட்டுவிட்டு, கீழே வண்டி கிளம்பும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். அங்கே கேட்டுக்கொண்டிருந்த வெற்றிவேலின் பேச்சுக்குரல் நின்றுபோயிருந்தது. வண்டி கிளம்பவில்லை.