துர்ரானியுஸின் கோபம்

அதிமேதுஸ் தொடர்ந்து மூன்று சவ ஊர்வலங்களில் தோற்றிருந்தான். செத்தவரின் மெழுகு முகமூடியை மாட்டிக்கொண்டு, பாடைக்கு முன்னால் அவரைப் போலவே நடந்து காட்டுவது அவன் தொழில். மூன்று முறையும் கூட்டத்துக்கு ஆள் யாரென்று பிடிபடவில்லை.

"இந்தத் தடவையும் சொதப்பினா முகமூடி பந்தம் தூக்குற போத்துஸுக்கு. அவன் பந்தத்த நீ தூக்கு" என்று குழுத்தலைவன் சொல்லிவிட்டான்.

இம்முறை செத்தவர் நீதிபதி துர்ரானியுஸ். நடை, பாவனை தெரிந்துகொள்ள அவர் வீட்டுக்குப் போனால், எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்: பொறுமைசாலி, கோபமே வராது. அதை வைத்துக்கொண்டு எப்படி நடப்பது? கடைசியில் அடுக்களைக்குப் போனான்.

"நீ கறியத் தீய விட்டா என்ன சொல்லுவாரு?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றான் சமையற்காரன்.

"சொல்ல மாட்டாரு, சரி. என்ன செய்வாரு?"

சமையற்காரன் குரலைத் தாழ்த்தினான். "மோதிரத்தக் கழட்டி வாயில போட்டுக்குவாரு. மூஞ்சி வெந்த நண்டு மாதிரி செவந்துடும். ஆறினப்புறம் துப்பிட்டு, வேற என்ன இருக்குன்னு கேப்பாரு."

பின்னால் துர்ரானியுஸின் மகன் கெலெர் நின்றிருந்தான். "அதக் காட்டக் கூடாது. கோபங்கிறது அப்பாவுக்குப் பிறவியிலயே கிடையாது. நாளைக்கு இரங்கல் மேடையில அதத்தான் பேசப்போறேன்."

"சரிங்க எஜமான்" என்றான் அதிமேதுஸ்.

மறுநாள் காலை சொன்னபடியே சாந்தமாக நடந்தான். குழல்காரர்கள் ஊதினார்கள். தெருவோரத்தில் ஒரு மீன்காரி கேட்டாள்: "யாருப்பா செத்தது? நடையப் பாத்தா வாடகைக் கழுத மாதிரி இருக்கே."

சிரித்தார்கள். போத்துஸும் சிரித்தான். இரங்கல் மேடை இருந்த மன்றத் திடலுக்கு இன்னும் ஒரு தெருதான். அதிமேதுஸ் நின்றான். மீன்காரியை முறைத்தான். விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி முகமூடியின் வாய்க்குள் போட்டு, தோள்கள் நடுங்க அப்படியே நின்றான்.

"அட, துர்ரானியுஸ்!" என்றான் ஒரு தோல் வியாபாரி. "என் வழக்குல மூணு தடவ வாயில போட்டாரு."

"என் வழக்குல முழுங்கிட்டாருன்னே நெனச்சேன்" என்றான் இன்னொருவன். தெரு முழுக்கத் தெரிந்த கதைதான் போலும். வீட்டார்தான் அதை ரகசியம் என்று நினைத்திருந்தார்கள். சிரித்தவர்கள் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊர்வலத்தோடு சேர்ந்து நடந்தார்கள்.

மேடையில் கெலெர் பேச்சு எழுதிய சுருளேட்டைப் பிரித்தான். "என் தந்தைக்குக் கோபம்..." என்று தொடங்கி நிறுத்தினான். கீழே நூறு முகங்கள், அடுத்த சொல் என்னவென்று தெரிந்தவை போலக் காத்திருந்தன. அவன் ஏட்டைச் சுருட்டினான்.

"வரும்" என்றான். "தினமும் வரும். யார் மேலயும் அத விழ விட்டதில்ல."

அதன் பிறகு அவன் ஏட்டைப் பார்க்காமலே பேசினான், தடுமாறித்தான் பேசினான்.

குழுத்தலைவன் அதிமேதுஸின் காதருகே வந்தான். "நாளைக்கு ஒரு தானிய வியாபாரி. நீயே வா."

செத்தவர் தலையாட்டக் கூடாது. அதிமேதுஸ் அசையாமல் நின்றான்.