ஒரு புட்டி ஒட்டகப் பால்

பக்ரி பிறந்த நாற்பத்தோராம் நாளிலிருந்து மதியத் தூக்கத்தில் பூனையாக வெளியே போய்வந்தான். நைல் நதிக்கரையில் கூஸ் நகரத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊரில் இரட்டைப் பிள்ளைகளுக்கு இது நடப்பதுதான். தடுக்க வேண்டுமென்றால் நாற்பது நாளுக்குள் இருவருக்கும் ஒட்டகப் பால் புகட்ட வேண்டும். சர்க்கரை ஆலையில் வேலை செய்யும் பக்ரியின் அப்பா அதிய்யா சந்தையிலிருந்து ஒரு சின்னப் புட்டியில் பால் வாங்கிவந்து, சொட்டு விடாமல் அவனோடு பிறந்த மகள் நவ்வாராவுக்கே புகட்டினான். ஆண் பிள்ளை நாலு இடம் போய்வந்தால்தான் என்ன, பெண்தானே வீட்டில் அடங்கிக் கிடக்க வேண்டும் என்பது அவன் நியாயம். ஆளுக்குப் பாதியாகக் கொடு என்று கத்திய மனைவி ஷஃபீக்காவின் பேச்சை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்த முட்டாள்தனத்தை எழுதும்போது இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நவ்வாரா பதிமூன்றாம் மாதத்தில் நடந்தாள். பக்ரி ஒன்றரை வயதுவரை தவழ்ந்தான், தூங்கும்போது மட்டும் ஆளுயரச் சுவர்களைத் தாண்டினான். சுகாதார நிலையத்து நர்ஸ், பையன் சாப்பிடாமலே எடை கூடுகிறான் என்று அட்டையில் குறித்துவிட்டுத் தாயைத் திட்டினாள். அவன் முதலில் பேசிய சொல் அம்மா அல்ல, மீன்காரி வீட்டில் கேட்டுவந்த வசவு. நவ்வாராவுக்கு இருபது சொல் தெரிந்த வயதில் அவனுக்குப் பத்து வீட்டுச் சண்டையும் அத்துப்படி. எங்கள் ஊரில் பூனையை அடிப்பதில்லை, தூங்கும் இரட்டையரை உலுக்குவதும் இல்லை. ஷஃபீக்கா ஜன்னலை ஒரு சாண் திறந்துவைத்து, அவன் கண் விழிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். நான்கு வருடம் அவள் மதியம் கண்ணயரவே இல்லை.

நான்காம் வயதில் ஒரு நாள் அவன் விழிக்கவில்லை. மறுநாளும் விழிக்கவில்லை. பூனையை யாரோ அடைத்துவைத்திருக்கிறார்கள் என்று புரிந்ததும் ஷஃபீக்கா நேராகப் புறா வளர்க்கும் பரகாத்தின் கதவைத் தட்டினாள்.

“பரகாத்தண்ணே, எம்புள்ளய விட்டுரு.”

“எத்தன புறாக்குஞ்சு போச்சு தெரியுமா? உள்ள கெடக்குறது பூன. அது மூஞ்சில ஒம்மவன் பேரா எழுதியிருக்கு?”

“தெரிஞ்சேதான அடைச்சு வச்சிருக்க! இந்த வீட்டுச் சங்கதியெல்லாம் அவன் எங்கிட்ட சொல்லிருக்கான். நடுத்தெருவுல நின்னு ஒவ்வொண்ணா சொல்லட்டுமா?”

கதவு சாத்தப்பட்டது. அவள் தேநீர்க் கடைக்குப் போனாள். அங்கிருந்த ஆண்கள் எல்லாரும் பொறுமையாக இரு என்றார்கள். அதிய்யா கையிலிருந்த கண்ணாடிக் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பரகாத் முரடன். ரெண்டு நாள் போவட்டும், அவனே விட்டுருவான்.”

“ரெண்டு நாள்ல புள்ள செத்துருவான்யா! ஒரு புட்டிப் பால ரெண்டாப் பிரிக்கத் துப்பில்ல, நீயெல்லாம் கதவத் தட்டவா போற?”

மூன்றாம் நாள் மதியம் பக்ரியின் மூச்சு விட்டுவிட்டு வந்தது. நவ்வாரா ரொட்டியைத் தள்ளிவிட்டு அவன் பக்கத்தில் வந்து படுத்தாள்.

“நான் போய்க் கூட்டியாறேம்மா.”

“ஒன்னால முடியாதுடி. நீ பால் குடிச்சவ.”

“எனக்குக் கோவமா வருது,” என்று சொல்லிவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

சிறிது நேரத்தில் பரகாத் போட்ட கூச்சல் ஆலைவரை கேட்டது. மூக்கிலும் இரண்டு கைகளிலும் நகக் கீறல். அவன் பூனையைக் கவிழ்த்துவைத்திருந்த ஈச்ச மட்டைக் கூண்டு முற்றத்தில் உருண்டு கிடந்தது. சுவரின் மேல் இரண்டு பூனைகள் ஓடியதைத் தெருவே பார்த்தது. பக்ரி எழுந்து தண்ணீர் கேட்டான். நவ்வாராவின் பல்லிடுக்கில் ஒரு புறா இறகு இருந்தது.

ஒட்டகப் பால் கோபத்தை அடக்காது என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. மறுநாள் காலையில் ஷஃபீக்கா ரம்பத்தோடு தெருவில் இறங்கினாள். கதவின் அடியில் ஒரு சாண் வழி விடாத வீட்டை நவ்வாரா வந்து பார்ப்பாள் என்று மட்டும் சொன்னாள். பரகாத் மூக்கில் கட்டோடு முதல் ஆளாக அறுத்தான். எல்லார் வீட்டிலும் வேலை முடிந்த பிறகு, அதிய்யா தன் வீட்டுக் கதவின் முன் குந்தி ஒரு சாண் அளந்து ரம்பத்தை வைத்தான்.

“அகலமா அறு,” என்றாள் ஷஃபீக்கா. “போறது ரெண்டு பேரு.”

அவன் அகலமாக அறுத்தான். அன்று மதியம் பிள்ளைகள் தூங்கியதும் ஷஃபீக்காவும் படுத்துத் தூங்கினாள்.