பதினாலாம் நம்பர் வீட்டு விலாசம்

சஞ்சீவனி நகர சபை உறுப்பினராகச் சத்தியப்பிரமாணத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது மண்டபத்துக்கு வெளியே அந்தச் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு கால் தட்டும். மறு கால் சர்ரென்று இழுபடும். வார் அறுந்த இறப்பர் செருப்பில் ஊக்குக் குத்திக்கொண்டு நடப்பவர்களுக்குத்தான் அப்படி நடை வரும். அவள் தாளிலிருந்து கண்ணை எடுத்தாள். திறந்திருந்த கதவுக்கு அப்பால் நீண்ட விறாந்தையும், அலுவலாக வருகிறவர்கள் உட்கார்ந்து காத்திருக்கும் மர வாங்கும் தெரிந்தன. வாங்கில் யாரும் இல்லை.

"மிஸ், கடைசி வரி பாக்கி இருக்கு" என்றார் செயலாளர்.

வாசித்து முடித்தாள். கைதட்டினார்கள்.

வெளியே படிக்கட்டில் அப்பா இராமையா நின்றார். அதே நகர சபையின் குப்பை டிராக்டரில் இருபத்தொன்பது வருடமாக வேலை செய்கிறவர். அன்றைக்கு லீவு எடுத்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார்.

"இனிமே ஒன்னய மிஸ்னு கூப்புடணுமா புள்ள?"

"நாலு பேரு பாக்கும்போது மட்டும் கூப்புடுங்க."

"அப்ப மொதல்ல டிராக்டருக்கு டயர் மாத்தித் தரச் சொல்லுங்க மிஸ்."

அவள் சிரிக்கவில்லை. "அப்பா, இப்ப இந்தப் பக்கம் யாராச்சும் நடந்து போனாங்களா?"

இராமையா மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் யாரைக் கேட்கிறாள் என்று அவருக்குத் தெரியும். "வா, வெயில் ஏறுது" என்று மட்டும் சொல்லி முன்னால் நடந்தார்.

கண்டி குட்செட் பஸ் நிலையத்தில் ஏறினால் அரை மணி நேரத்தில் வந்துவிடும் சின்ன நகரம் அது. ஊரைக் கூட்டிப் பெருக்குகிறவர்களுக்கென்று சபை எந்தக் காலத்திலோ கட்டிய லயம், பஸ் நிலையத்துக்குப் பின்னால் சரிவில் இருக்கிறது. மொத்தம் பதினான்கு வீடுகள். குடும்பத்தில் ஒருவர் சபையில் வேலை செய்யும்வரைதான் வீடு. வேலை இல்லையென்றால் கதவைப் பூட்டித் திறப்பை ஒப்படைத்துவிட வேண்டும். மேல் கோடியில், மண்மேட்டை ஒட்டிக்கொண்டு நின்றது பதினாலாம் நம்பர். அதில் இருந்தவள் பாப்பம்மா. புருஷன் செத்து ஆறு வருடமாகியும் அவள் திறப்பைக் கொடுக்கவில்லை. கேட்கவும் யாரும் வரவில்லை. சபையின் புத்தகத்தில் அந்த வீடு காலி என்று இருந்தது. காலி வீட்டில் பாப்பம்மா சமைத்தாள், துணி காயப் போட்டாள், இரண்டு கோழி வளர்த்தாள்.

சஞ்சீவனி பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பஸ் நிலையத்தில் போட்டோக் கொப்பி கடையில் வேலை. கையெழுத்து அச்சுப் போல இருக்கும் என்பதால் லயத்துக் கடிதங்களெல்லாம் அவளிடம்தான் வரும். வீட்டுக்குப் பின்னால் மேட்டிலிருந்து ஊற்றுத் தண்ணீர் கசிகிறது, குசினிச் சுவர் வெடித்திருக்கிறது என்று பாப்பம்மாவும் வந்தாள். எழுதச் சொன்னாள். எழுதி முடித்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்பேரு போட்றாத புள்ள. நம்பரும் வேணாம். நான் இருக்குறது தெரிஞ்சா எறக்கி விட்றுவாங்க."

சஞ்சீவனி யோசித்தாள். கடைசியில் 'இங்ஙனம், லயத்து மக்கள்' என்று போட்டாள். அது தன்னுடைய கெட்டித்தனம் என்றுகூட அன்றைக்கு நினைத்தாள்.

அதற்குப் பிறகு தினமும் விடியற்காலையில் பைப்படியில் வாளியோடு நிற்கும்போது அந்தச் செருப்பு தட்டித் தட்டி இழுபட்டு வரும். "பதில் வந்துச்சா புள்ள?" என்று கேட்பாள் பாப்பம்மா. வரவில்லை. இன்னொரு கடிதம் எழுதினார்கள். அதற்கும் வரவில்லை. நான்கு கடிதம் ஆயிற்று. மூன்று வருடத்துக்கு முந்திய ஐப்பசியில், பதினொரு நாள் விடாமல் பெய்த பிறகு, பாப்பம்மா அடுப்புப் பற்றவைக்கப் பின்னால் போன காலைப்பொழுதில் மேடு சரிந்து இறங்கியது. அவளை வெளியே எடுக்க மத்தியானமாயிற்று. செருப்பு மட்டும் வாசற்படியில் ஜோடியாகக் கிடந்தது.

அதிலிருந்து சில காலைகளில், பைப்படியில் சஞ்சீவனியின் முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் வந்து நிற்கும். திரும்பிப் பார்த்தால் ஈரச் சீமெந்துதான் இருக்கும்.

அவள் தேர்தலில் நின்றதற்கு மற்றவர்கள் பல காரணம் சொன்னார்கள். கட்சிக்குப் பெண் வேட்பாளர் தேவைப்பட்டது, லயத்து வாக்கு தேவைப்பட்டது. நாற்பத்தொரு வாக்கு வித்தியாசத்தில் வென்றாள். அவளுக்கு இருந்த காரணம் ஒன்றுதான். அந்தக் கடிதங்கள் எங்கே போயின என்று உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

முதல் கூட்டம் முடிந்த மறுநாள் ஆவண அறைக்குப் போனாள். அங்கே எழுதுவினைஞர் சந்திரிகா இருந்தாள். சிங்களப் பெண்; சந்தையில் பழகிய தமிழ் பேசுவாள். வட்டாரத்தின் பழைய முறைப்பாட்டுக் கடிதங்கள் கோத்திருந்த கோவையைத் தூசி தட்டி மேசையில் வைத்தாள்.

நான்கும் இருந்தன. நான்கும் சஞ்சீவனியின் கையெழுத்துத்தான். ஒவ்வொன்றோடும் சிங்கள மொழிபெயர்ப்பு ஊசி குத்திச் சேர்த்திருந்தது. 'சுவர் வெடித்து விட்டது' என்ற இடத்தில் யாரோ சிவப்பில் கோடு போட்டிருந்தார்கள். கடிதம் தொலையவில்லை. கவனமாக வாசித்திருக்கிறார்கள்.

"இதுல என்னா எழுதிருக்கு?" கீழே இருந்த நீல மைக் குறிப்பைக் காட்டினாள்.

"பேர் இல்ல, விலாசம் இல்ல. நடவடிக்கை இல்ல. நாலுலயும் அதேதான் மிஸ்."

"வீட்டுக்குள்ள தண்ணி வருதுன்னு எழுதிருக்கே."

"எந்த வீடு?" சந்திரிகா உண்மையாகவே கேட்டாள். "பேர் இல்லாட்டி பதில் யாருக்குப் போடுறது மிஸ்? சட்டம் அப்படி."

கோவையின் கடைசித் தாளையும் அவளே வாசித்துக் காட்டினாள். மண்சரிவு பற்றிய அறிக்கை. 'லயத்தில் காலியாக இருந்த வீடொன்றின் பின்சுவர் இடிந்தது. சபைக்குச் சேதம் சிறிது.'

சஞ்சீவனி விறாந்தைக்கு வந்தாள். அந்த மர வாங்கில் உட்கார்ந்தாள். பக்கத்தில் பலகை மெல்ல முனகியது, இன்னொருவரும் உட்கார்ந்தது போல. "நாந்தான்க்கா" என்றாள் தரையைப் பார்த்து. "பேரு போடாம விட்டது நாந்தான்."

இப்போது பதினாலாம் நம்பரில் மோகனராஜ் இருந்தான். நாட்கூலிக்கு வடிகான் வெட்டுகிறவன். நிரந்தர வேலை இல்லை, ஆகவே வீட்டு உரிமையும் இல்லை. பாப்பம்மா செத்த மறுவருடம் பின்சுவருக்குத் தகரம் அடித்து, மனைவி நிரோஷினியோடு உள்ளே வந்துவிட்டான். இப்போது ஏழு மாதக் குழந்தை. அன்று பின்னேரம் சஞ்சீவனி போனபோது நிரோஷினி குசினித் தரையில் சாக்கு விரித்துக்கொண்டிருந்தாள். சாக்கு நனைந்திருந்தது. தகரத்துக்குப் பின்னால் சேற்றுத் தண்ணீர் சொட்டுகிற சத்தம் ஒரே சீராகக் கேட்டது.

"எத்தன நாளா?"

"ஆடியிலருந்து" என்றான் மோகனராஜ். "மெம்பரக்கா, மேட்டுக்கு ஒரு சுவர் கட்டித் தரச் சொல்லுங்க. கையெடுத்துக் கும்புடுறேன். ஆனா எம்பேரப் போட்றாதீங்க. நம்பரும் வேணாம்."

சஞ்சீவனி அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா, பேயடிச்ச மாதிரி நிக்கிறீங்க?"

"கீழ எறங்கி வேற எடம் பாரேன்டா."

"பாத்தேன். முப்பதாயிரம் முன்பணம் கேக்குறாங்க. குடுத்துட்டு இவள வித்துத்தான் சோறு திங்கணும்."

"என்னய யாரு வாங்குவா, ஒங்க கடனத் தெரிஞ்சவங்க?" என்றாள் நிரோஷினி, சாக்கைப் பிழிந்துகொண்டே.

அடுத்த வாரம் புதிய உறுப்பினர்களுக்குக் கண்டியில் ஒரு நாள் வகுப்பு நடந்தது. வீதி விளக்கு, வடிகான், குப்பை, மயானம் எதெது சபையின் பொறுப்பு என்று ஓர் உத்தியோகத்தர் திரையில் காட்டிக்கொண்டே போனார். பிரேரணை கொண்டுவருவதானால் ஏழு நாளைக்கு முன் எழுத்தில் தர வேண்டும். இடம் தெளிவாக இருக்க வேண்டும். வழிமொழிய இன்னோர் உறுப்பினர் வேண்டும். தன் சொந்த வீடு சம்பந்தப்பட்டதென்றால் உறுப்பினர் அதைச் சொல்லிவிட்டு வெளியே போய்விட வேண்டும்.

எல்லோரும் தேநீருக்குப் போனபோது சஞ்சீவனி கதிரையிலேயே இருந்தாள். எதிர்த்தரப்பு உறுப்பினர் பஹீம் இரண்டு கோப்பையோடு வந்தார். மடவளைக்காரர், ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர்.

"என்ன தங்கச்சி, மொகம் வெளுத்துப் போயீக்கி? சீனி போட்டுக் குடிங்க."

"நானா, ஒரு வீட்டுப் பிரச்சினை. அங்க இருக்குறவங்க பேரச் சொன்னா வீடு போகும். சொல்லாட்டி உசுரு போகும். நீங்களா இருந்தா என்னா செய்வீங்க?"

பஹீம் தேநீரை ஊதினார். "பேருக்குச் சொந்தக்காரன் பயந்தா, பயப்படாதவன்ட பேரப் போடணும். ஆனா அப்பிடியொரு மடையன் கெடைக்க வேணுமே."

அந்த ஞாயிற்றுக்கிழமை சஞ்சீவனி தன் கட்டிலையும் துணிப்பெட்டியையும் பதினாலாம் நம்பருக்குத் தூக்கிப்போனாள். மோகனராஜ் குடும்பம் அவளும் அப்பாவும் இருந்த மூன்றாம் நம்பருக்கு இறங்கி வந்தது. கட்டிலின் ஒரு முனையை இராமையா பிடித்துக்கொண்டு வந்தார். வாசலில் இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

"செத்தவளுக்காக நீயும் சாகப் போறியா?"

"மழைக்கு இன்னும் நாள் இருக்குப்பா."

"மேடு என்னா கலண்டரா பாக்குது?" அவர் மேட்டை அண்ணாந்து பார்த்தார். "நான் சர்வீஸ்ல இருக்குறேன். எம்பேரப் போடு."

"ஒங்க பேருக்கு மூனாம் நம்பர் இருக்கு. பதினாலுக்கு யாரும் இல்லன்னுதானே எழுதி வச்சிருக்காங்க. ஒரு ஆளு இருக்கணும்."

இராமையா அன்றிலிருந்து தினமும் காலையில் டிராக்டருக்குப் போகுமுன் மேலே ஏறி வந்து, மேட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் போனார்.

பிரேரணையை அவள் ஏழு நாளல்ல, பத்து நாளைக்கு முன்பே கொடுத்தாள். கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய தவிசாளர் அதை வாசித்தார். 'லயம் பதினாலாம் இலக்க வீட்டின் பின்புறத்துக்குத் தாங்குசுவர் கட்டல். முறைப்பாட்டாளர்: சஞ்சீவனி இராமையா, அதே விலாசம்.' கண்ணாடியைக் கழற்றினார்.

"இது காலி வீடு."

"நான் இருக்குறேன் ஐயா."

"எந்த உரிமையில?"

"உரிமை இல்லங்க. ஆனா இருக்குறேன். எனக்கு முந்தி இன்னொருத்தரும் இருந்தாங்க. அவங்க இருந்ததையும் எழுதிக்கங்க. பேரு பாப்பம்மா."

யாரோ பின்வரிசையில் சிரித்தார்கள். "கள்ளத்தனமா குடியேறி அத சபையிலயே சொல்றாங்கப்பா" என்றது ஒரு குரல்.

தவிசாளர் செயலாளரிடம் குனிந்து பேசினார். "உங்க சொந்த வீடுன்னா நீங்க இதுல பேசவும் ஏலாது, வாக்களிக்கவும் ஏலாது. வெளிய இருக்கணும்."

"தெரியுங்க" என்றாள் சஞ்சீவனி. எழுந்து போனாள். பின்னால், "நான் இந்தப் பிரேரணையைப் பொறுப்பெடுக்கிறேன்" என்று பஹீமின் குரல் கேட்டது. கதவு மூடிக்கொண்டது.

விறாந்தையில் அந்த வாங்கு. அவள் ஓரமாக உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள். உள்ளே பேச்சு ஏறி இறங்கியது. நடந்துபோனவர்கள் யாரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. இந்த வாங்கிலிருந்து பார்த்தால் மண்டபத்துக் கதவு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று இப்போதுதான் கண்டாள். தட்டி, இழுபட்டு, அந்த நடை விறாந்தையின் கோடியிலிருந்து வந்தது. பக்கத்தில் நின்றது. ஈர மண் வாசனை வந்தது. அவள் திரும்பவில்லை.

அரை மணி நேரத்துக்குப் பிறகு பஹீம் வெளியே வந்தார். "நிறைவேறிட்டுது. இஞ்சினியர் வந்து பாப்பார். ஆனா தங்கச்சி, ஊட்ட விட்டுட்டு எழும்பச் சொல்லியும் ஒங்களுக்குக் கடிதம் வரும். அதையும் எழுதி வச்சிட்டாங்க."

"வரட்டும் நானா. பேரு போட்டுத்தானே வரும்."

ஐப்பசி பிறந்து மூன்றாம் நாள், தபால்காரர் லயத்துப் படியில் நின்று, "பதினாலு எது?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அந்த நம்பருக்கு ஒரு கடிதம் வந்ததில்லை. சஞ்சீவனி கையெழுத்துப் போட்டு வாங்கினாள். வாசலில் நின்று பிரிக்க மனம் வரவில்லை. குசினிக்குப் போய், சொட்டுகிற தகரத்துக்கு முன்னால் நின்று, உரத்து வாசித்தாள்.

"பதினாலாம் இலக்க வீட்டில் வசிக்கும் சஞ்சீவனி இராமையாவுக்கு. உமது முறைப்பாடு கிடைத்தது. தாங்குசுவர் தொடர்பாகத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் எதிர்வரும் மாதம் பன்னிரண்டாம் திகதி ஸ்தலத்தைப் பார்வையிடுவார்."

வாசித்துவிட்டுக் காத்திருந்தாள். தகரத்துக்குப் பின்னால் சொட்டுவது நின்றது. பிறகு வாசற்படியில் செருப்பைக் கழற்றி ஜோடியாக வைக்கும் சத்தம் கேட்டது.

"எப்ப வர்றாங்களாம் புள்ள?"

"பன்னெண்டாந் தேதிக்கா."

இன்னும் மூன்று வாரம் இருந்தது. கூரைத் தகரத்தில் முதல் துளி விழுந்தது, பிறகு இன்னொன்று. கீழே மூன்றாம் நம்பரில் குழந்தை சிரிப்பதும், மேட்டைப் பார்க்க அப்பா படியேறி வருவதும் கேட்டன. சஞ்சீவனி கடிதத்தை நனையாத இடமாகப் பார்த்து இறாக்கையின் மேல்தட்டில் வைத்துவிட்டு, சாக்கை எடுத்து விரித்தாள்.