துள்ளாத கால்

மணிமேகலைக்கு அன்றைக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒரு கால். மறுநாள் அனாடமி வாய்மொழித் தேர்வு. பிசியோதெரபி முதலாம் ஆண்டில் பாதிப் பேரைக் கவிழ்ப்பதே கால் நரம்புகள்தான் என்று சீனியர்கள் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். புத்தகத்தில் படித்தால் மண்டையில் ஏறாது, ஒரு காலில் வரைந்து பார் என்று தோழி சொல்ல, ஸ்கெட்ச் பேனாவும் கையுமாகத் தம்பி வளவனைப் பிடித்து உட்கார வைத்தாள். பேனா கணுக்காலைத் தாண்டும்போதே நெளிந்தவன், உள்ளங்காலைத் தொட்டதும் உதைத்த உதையில் பேனா பீரோவுக்கு அடியில் போய் விழுந்தது.

"என் காலு சும்மாத்தானம்மா கெடக்கு. இதுல போடு" என்றார் அப்பா நல்லுசாமி.

வாழைக்காய் மண்டியில் பகல் பூராவும் நின்று தார் எண்ணிவிட்டு உறையூர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தவர், கைலியை முழங்கால் வரை மடித்துக்கொண்டு காலை ஸ்டூலில் நீட்டினார்.

"இடுப்புலேர்ந்து தொடைக்குப் பின்னால இறங்குதுப்பா சயாட்டிக். உடம்புலயே தடிச்ச நரம்பு அதுதான். முழங்காலுக்குப் பின்னாடி வந்து ரெண்டாப் பிரியும்."

சிவப்புக் கோடு முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்க எலும்பைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தது. நீலக் கோடு ஆடுசதை வழியே இறங்கி, உள்பக்கக் கணுக்காலுக்குப் பின்னால் நுழைந்து, உள்ளங்காலில் மறுபடி இரண்டாகப் பிரிந்து விரல்களுக்கு ஓடியது. கிளைகள் சரியாக வரவில்லை. துடைத்துத் துடைத்துப் போட்டாள். அப்பா டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"உங்க கால் மாதிரி நல்ல கால் கிடைக்காதுப்பா. கொஞ்சமாச்சும் துள்ளுதா பாருங்க."

"கேட்டுக்கடா" என்று வளவனைப் பார்த்துச் சொன்னார். முகத்தில் அப்படியொரு பெருமை.

கூச வேண்டிய இடத்தில் கூசாத கால் என்ன கால் என்று அவள் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒருமுறை வழியில் எங்கோ செருப்பு கழன்றுபோனது தெரியாமல் அவர் ஒற்றைச் செருப்போடு வீடு வந்து நின்றிருக்கிறார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சுகர் மாத்திரையை நினைவு வந்தால் போடுவார். இத்தனையும் கண்ணெதிரே இருந்தன. படிக்கிற பெண்ணுக்கோ பரீட்சைதான் கண்ணில் நின்றது.

தேர்வில் நல்ல மார்க். அம்மா மயிலம்மாள் வேண்டிக்கொண்டபடி நாலு பேருமாக ஸ்ரீரங்கம் போனார்கள். சித்திரை மாத உச்சி வெயில். செருப்பை விட்டுவிட்டு வெளிப்பிராகாரத்துக் கல்லில் கால் வைத்ததும், காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர்கள் போல எல்லாரும் நிழலுக்குப் பறந்தார்கள். நல்லுசாமி மட்டும் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி நடு வெயிலில் நிதானமாக வந்தார்.

"சுடலையாப்பா?"

"பெருமாள் வாசல்ல என்னம்மா சுடப்போவுது."

"உங்கப்பாருக்கு இப்பத்தான் பக்தி முத்தியிருக்கு" என்றாள் அம்மா. மணிமேகலையும் சேர்ந்து சிரித்தாள்.

மறுநாள் காலையில் வீட்டுத் தரையில் ஈரமாகக் கால் தடங்கள். குளித்துவிட்டுத் துடைக்காமல் வருகிறார் என்று அம்மா திட்டினாள். அது கொப்புளம் உடைந்த நீர். வலிக்கவே இல்லை என்று அவர் அந்தக் காலோடுதான் மண்டிக்குப் போய்வந்தார். வலிக்காததை யார் பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள்? ஒரு கால் மெல்ல ஆறிவிட்டது; மணிமேகலை வரைந்த காலில் விரல்கள் கறுத்து, வாடை அடித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். விஷம் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது, முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். மணிமேகலை தன் புத்தகத்தைத் திறந்து பார்த்தாள். சுகர் நரம்பை என்ன செய்யும் என்று ஒரு பக்கம் முழுக்க இருந்தது. அது தேர்வுக்கு வராத பகுதி என்று அன்றைக்குத் தள்ளிவிட்டிருந்தாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் வந்து, வெட்ட வேண்டிய இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார். அவள் போட்ட நீலக் கோடு இறங்கிய அதே ஆடுசதையில், குறுக்காக.

"நீ போட்டது இதவிட அழகா இருந்துச்சு" என்றார் அப்பா.

"அப்பா, அன்னைக்கு நான் உள்ளங்கால்ல கோடு போட்டப்ப உங்களுக்குத் தெரியவே இல்லையா?"

"இல்லம்மா. மரத்துப்போயி ரொம்ப நாளாச்சு. ஒருநா கேக்கணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள துள்ளாத காலுதான் நல்ல காலுன்னு நீயே சொன்னியா, படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. குறையாகச் சொல்லியிருந்தால் அவளால் அழவாவது முடிந்திருக்கும்.

போர்வைக்கு வெளியே அவருடைய இன்னொரு கால் நீட்டிக்கொண்டிருந்தது. மணிமேகலை கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, அந்த உள்ளங்காலில் குதிகாலிலிருந்து கட்டைவிரல் வரை நகத்தால் மெல்லக் கீறினாள். அப்பா மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியுதாப்பா?"

"எதும்மா?" என்றார்.