காயாத பூச்சு

"கதவுப் பக்கத்துலேர்ந்தா ஆரம்பிப்பே?"

"நினைப்பில்லாம செஞ்சுட்டேன் அத்தான்."

"நினைப்பு எங்கே மேயப் போச்சு? இப்ப எப்படி இறங்கறது, றெக்கை கட்டிக்கிட்டா?"

அக்காவின் கணவருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, கேலிதான் ஏறும். வீட்டுக்குள் வெயில் இறங்காமலிருக்க மொட்டைமாடித் தளம் முழுக்க நுரைப் பலகைகளைப் பதித்திருந்தோம். அவர் கோடி மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, கடைசி இடுக்குகளில் டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். நான் மாடிப்படிக் கதவருகே தொடங்கி, மழைத் தண்ணீர் புகாத பூச்சை ரோலரால் உருட்டிக்கொண்டே அவரிடம் வந்து முட்டிவிட்டேன். மூலையில் தொடங்கிக் கதவை நோக்கிப் பின்வாங்க வேண்டும் என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

எங்களுக்கு மிஞ்சியது ஒரு கட்டில் அகலம். எதிரே கதவுவரை யாரும் கால் வைக்காத பனிவெளி போல ஈர வெள்ளை. பின்னால் இடுப்புயரச் சுவர், அதற்கப்பால் நான்கு மாடிப் பள்ளம்.

"காய சாயங்காலம் ஆகும். உட்காரு மச்சான், இங்கேயே குடும்பம் நடத்துவோம்."

உட்கார முடியவில்லை. கதவுக் கொண்டியில் என் சட்டை தொங்கியது, அதன் பையில் போன். கப்பல் கம்பெனியிலிருந்து இன்று கூப்பிடுவார்கள். எடுக்காவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு. வீட்டில் நான் மூச்சுவிடவில்லை. அத்தானுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. மூன்று பேர் சேர்ந்து செய்யும் தொழில் இது; நான் போய்விட்டால் பலகைக் கட்டுகளை அக்காதான் மேலே சுமக்க வேண்டும்.

போன் அடித்தது.

"யாரு, காதலியா?" என்று சிரித்தார். நான் ஒரு காலைத் தூக்கினேன். அவர் என் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார்.

"ஒரு தடம் பதிஞ்சாலும் அது வழியா தண்ணி இறங்கும். பலகைக்கு அடியில போன தண்ணிக்கு வெளியே வர வழி கிடையாது. அப்புறம் மொத்தத்தையும் பிய்க்கணும். தெரியுமில்ல?"

"தெரியும்."

மணி ஓய்ந்து மறுபடி தொடங்கியது.

"கப்பல் வேலை அத்தான். ரெண்டு வருஷம்."

அவர் கை பெல்ட்டிலேயே இருந்தது. பிடி இறுகவும் இல்லை, தளரவும் இல்லை.

"உங்க அக்காவுக்குத் தெரியுமா?"

இல்லையென்று தலையசைத்தேன். அவர் அதற்குக் கேலியாக எதுவும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

கதவு திறந்தது. கீழே பூச்சு கலந்துகொண்டிருந்த அக்கா அடுத்த வாளியோடு மூச்சு வாங்க வந்து நின்றாள். புறங்கையால் நெற்றியைத் துடைத்தபடி எங்களைப் பார்த்தாள்.

"என்ன, ரெண்டு பேரும் தண்டனை வாங்கின பசங்க மாதிரி மூலையில நிக்கறீங்க?"

போன் அவள் காதருகே அலறியது. வாளியை இறக்கிவிட்டு எடுத்துப் பார்த்தாள்.

"கப்பல் கம்பெனின்னு வருதே. இது எதுக்கு?"

அத்தான் டேப் சுருளைக் குனிந்து எடுத்துக்கொண்டார். இன்னும் இரண்டு முறை அடித்தால் போன் ஓய்ந்துவிடும்.

"அக்கா, எடுத்து 'வேலைக்கு வர்றான்'னு மட்டும் சொல்லிடு அக்கா."