வாஷர் டேங்குக்கு ஓர் இடம்

எழிலரசி பிக்கப்பை ரசாக் பாயின் பட்டறைக்குள் ஏற்றி நிறுத்தினாள். நசரத்பேட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டிய தகரக் கொட்டகை அது. வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்த அப்துல் ரசாக், இன்ஜின் சத்தம் கேட்டு வேகமாக வெளியே வந்தார். ஓட்டுநர் இருக்கையில் அவளைப் பார்த்ததும் நின்று, கையைத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பழைய வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவன் அவளுடைய தம்பி தமிழ்வாணன். அக்காவும் தம்பியும் திருமழிசையில் நர்சரி வைத்திருந்தார்கள். செடிகளை வளர்ப்பது அவள் வேலை. வெள்ளானூர், ஆவடிப் பக்கம் புதிதாக முளைக்கும் குடியிருப்புகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவன் வேலை. போன மாதம் அவனைக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கேயே இறந்துபோனான். காரியம் முடிந்தும் எழிலரசி அழவில்லை. "அழுதுடும்மா, அழுதாதான் பாரம் எறங்கும்" என்று சித்தி தோளைப் பிடித்து உலுக்கினாள். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் போல எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன, தொட்டால்தான் தெரியவில்லை.

"நீயே ஓட்டிகினு வந்துட்டியாம்மா?" என்றார் ரசாக்.

"வேற யாரு கீறாங்க பாய். நாளைக்கு ஆர்டிஓ ஆபீஸ்ல எப்சிக்குக் காட்டணும். கண்ணாடிக்குத் தண்ணி அடிக்கலன்னா வண்டிய திருப்பி அனுப்பிடுவாங்களாம்."

ரசாக் பானெட்டைத் தூக்கினார். கண்ணாடி கழுவும் தண்ணீருக்கான வாஷர் டேங்க் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு பேட்டரி உட்கார்ந்திருந்தது. போகும் வழியில் வெயிலில் செடிகள் வாடாமலிருக்கப் பின்னால் ஒரு சின்னத் தண்ணீர் மோட்டார் வைத்திருந்தான் தமிழ்வாணன். அதற்கான பேட்டரி அது. டேங்கைக் கழற்றி சீட்டுக்குப் பின்னால் போட்டுவிட்டான். அதன்பின் கண்ணாடியில் பாட்டில் தண்ணீரை ஊற்றித்தான் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இந்த பேட்டரிய எடுத்துட்டா வேலை சுளுவா முடிஞ்சிடும். எடுத்துடவா?"

"வேணாம் பாய். செடி வாடிடும். டேங்க வேற எடத்துல வைங்க."

அவர் அவள் முகத்தை ஒரு முறை பார்த்தார். பானெட்டுக்குள் குனிந்து வேறு இடம் தேடினார்.

அவள் டேங்கை எடுத்துக் குழாயடிக்குப் போனாள். உள்ளே காய்ந்த பாசி ஒட்டியிருந்தது. தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கொட்டினாள். பச்சையாக வந்தது. மறுபடியும் குலுக்கினாள். தெளிந்த பிறகும் கை குலுக்கிக்கொண்டே இருந்தது. "போதும்மா" என்று ரசாக் குரல் கொடுத்தபோதுதான் நிறுத்தினாள்.

முதலில் வலது பக்கம் வைத்துப் பார்த்தார்கள். இடம் தாராளமாக இருந்தது. ஆனால் புகைக்குழாய் பக்கத்திலேயே போனது. ரசாக் அவள் கையைப் பிடித்து அதன் அருகே காட்டினார். "பாரு, இந்த சூட்டுல பிளாஸ்டிக் உருகிடும்." சூடு தெரிந்தது. அவளுக்குக் கையை இழுக்கத் தோன்றவில்லை. அவரே இழுத்துவிட்டார்.

அடுத்து இடது பக்க மூலையில், கண்ணாடிக்குக் கீழே உள்ள தகட்டில் வைத்தார்கள். அங்கே டேங்க் பொருந்தியது. பானெட்தான் மூடவில்லை, டேங்கின் மூடி இடித்தது. ரசாக் டேங்கைத் தாங்கும் இரும்புப் பட்டையை மறுபடி வளைத்து, துளையைக் கீழே போட்டு, அதிர்வு தாங்க டயர் ட்யூபில் ஒரு துண்டு வெட்டி இடையில் கொடுத்து முடுக்கினார். எழிலரசி டேங்கை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒயரையும் ரப்பர் குழாயையும் நீட்டி இழுத்து முடிப்பதற்குள் வெயில் கொட்டகைக்குள் வந்துவிட்டது.

"உள்ள உக்காந்து பட்டன அமுக்கு."

அமுக்கினாள். மோட்டார் முனகியது, தண்ணீர் வரவில்லை. பானெட் கீலில் குழாய் நசுங்கியிருந்தது. அதை வேறு வழியாகக் கொண்டுபோய்க் கட்டினார். இந்த முறை தண்ணீர் வந்தது, ஆனால் கண்ணாடியைத் தாண்டி அவர் நெஞ்சில் அடித்தது. ரசாக் சட்டையை உதறிக்கொண்டு சிரித்தார். இது சிரிக்க வேண்டிய இடம் என்று அவளுக்குத் தெரிந்தது. உதட்டை விரித்துக் காட்டினாள். அவர் குண்டூசியால் தண்ணீர் வரும் துளையைத் திருப்பிவிட்டார். தண்ணீர் கண்ணாடியில் பரவி வழிந்தது.

மறுநாள் சோதனையில் வண்டி தேறிவிட்டது. பார்த்தவர் ஒரே ஒரு முறை பட்டனை அமுக்கச் சொன்னார். தண்ணீர் வந்ததும் விளக்குகளைப் பார்க்கப் போய்விட்டார். எழிலரசிக்கு நிம்மதியும் வரவில்லை, ஏமாற்றமும் வரவில்லை.

அங்கிருந்து கிளம்பும்போது தம்பியின் போன் அடித்தது. அதை அவள்தான் வைத்திருந்தாள்.

"தமிழ் அண்ணாவா? வெள்ளானூர் ஃப்ளாட்ல இருந்து கிருஷ்ணப்பிரியா பேசறேன். செம்பருத்தி சொல்லியிருந்தேனே, ஒரு மாசமா ஆளையே காணோம்."

"அவரு இல்லீங்க. நான் அவங்க அக்கா. இன்னிக்கே எத்தினு வரேன்."

நர்சரிக்குப் போய்ச் செம்பருத்தித் தொட்டிகளையும், வேறு இரண்டு வீடுகளுக்கான துளசியையும் ஏற்றினாள். வெள்ளானூரில் ஃப்ளாட் வாசலுக்கே இறங்கி வந்திருந்தாள் கிருஷ்ணப்பிரியா. கழுத்தில் ஹெட்போன் தொங்கியது; வீட்டிலிருந்தே வேலை போலிருக்கிறது.

"அண்ணா ஊருக்குப் போயிருக்காரா? எப்ப வருவார்? மண் மாத்தித் தரேன்னு சொன்னார்."

எழிலரசி தொட்டியை இறக்கிக் கீழே வைத்தாள்.

"தமிழு செத்துட்டான்" என்றாள்.

இத்தனை நாளும் அவள் அதைச் சொல்லியிருக்கவில்லை. வந்தவர்களெல்லாம் தெரிந்துகொண்டே வந்தார்கள். யாருக்கும் அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தன் வாயிலிருந்து வந்த சொல் அவள் காதிலேயே விழுந்தது. வண்டியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் வரவில்லை. ஆனால் பலகையின் சூடு உள்ளங்கையில் சுட்டது, கையை எடுத்துக்கொண்டாள்.

கிருஷ்ணப்பிரியா குனிந்து ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டாள். "மேல வாங்க. தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

இன்னொரு தொட்டியை எழிலரசி எடுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் படியேறினார்கள். பால்கனியில் வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்து, எழிலரசி செம்பருத்தியைக் கம்பி ஓரமாக வைத்தாள்.

"மண்ணு ஞாயித்துக்கெழம கொண்டாறேன்" என்றாள். "நானே மாத்தித் தரேன்."