மஞ்சள் வண்டி நிற்கும் இடம்

வாடகை நாற்காலிகளை இறக்கித் தெருவில் வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தபோது நாத்தனார் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். "அதில்லம்மா, உங்க அப்பா அங்க எதுக்குத்தான் போனாரு?"

கேட்டது இறந்தவரின் மகளிடம். அவள் ஒன்றோடொன்று கவ்விக்கொண்ட இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் காலால் மிதித்துப் பிரித்தாள்.

காலையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்டார்கள். ஒரு மனிதன் செத்தால் எப்படிச் செத்தான் என்று கேட்பது வழக்கம். அப்பா விஷயத்தில் எப்படி என்பது யாருக்கும் பெரிதாகப் படவில்லை, மாரடைப்பு, அவ்வளவுதான். எங்கே என்பதுதான் எல்லோர் வாயிலும் இருந்தது. பேருந்துகளையும் லாரிகளையும் வரிசையில் நிறுத்தி, சாலையில் ஓடத் தகுதி உண்டா என்று பார்த்துச் சான்று கொடுக்கும் அரசாங்க மைதானம் அது. வண்டி இல்லாதவனுக்கு அங்கே என்ன வேலை? அப்பாவிடம் சைக்கிள்கூடக் கிடையாது. அதுவும் பள்ளி விடுமுறை நாளில், இரண்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு.

"வயசாயிடுச்சுல்ல, தனக்கே ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிடலாம்னு போயிருப்பாரு" என்றான் தம்பி. யாரும் சிரிக்கவில்லை. அவனே முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

மகளுக்குக் காரணம் தெரியும். சொன்னால் நாத்தனார் சிரிக்க மாட்டார். தலையை ஒரு பக்கம் சாய்த்து 'பாவம்' என்பார். நாத்தனார் ஒரு பள்ளியின் தலைமையாசிரியை. ஆயிரம் பெற்றோரிடம் சொல்லிச் சொல்லிப் பழுத்த 'பாவம்' அது. சிரித்தால்கூடத் திருப்பி ஏதாவது சொல்லிவிடலாம். அந்தப் பாவத்துக்கு முன்னால் மட்டும் அவள் படித்த படிப்பெல்லாம் வாயடைத்துப் போகும்.

அப்பா மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தின் பக்கம் ஒதுங்காதவர். உயரமான கட்டடங்களின் வெளிக்கண்ணாடி துடைப்பது அவர் வேலை. உச்சியிலிருந்து கயிறு, கயிற்றில் பலகை, பலகையில் அவரும் ஒரு வாளியும். கூட வேலை செய்தவர்கள் அவரைப் பல்லி என்று கூப்பிட்டார்கள். கேட்டுக் கேட்டு, அவரே ஃபோனில் "நான் பல்லி பேசறேன்" என்று சொல்லும் அளவுக்கு அது ஒட்டிக்கொண்டது.

அந்தப் பலகையில் உட்கார்ந்தால் ஊர் முழுக்கத் தெரியும். மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்துகள் எந்தக் கேட்டுக்குள் திரும்புகின்றன என்பதும் தெரியும். காசு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடம் தன் பிள்ளைகளை ஓர் இடத்துக்குக் கூட்டிப்போகிறது என்றால் அங்கே படிப்பு இருக்கிறது என்பது அவர் கணக்கு. யாரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை, எந்தப் பெயர்ப்பலகையையும் எழுத்துக்கூட்ட வேண்டியதில்லை. மஞ்சள் வண்டி நின்றால் போதும். அடுத்து வரும் லீவில் மகளையும் தம்பியையும் அங்கே கொண்டுபோய் நிறுத்திவிடுவார்.

அப்படித்தான் அவர்கள் நாணய அருங்காட்சியகம் பார்த்தார்கள். தண்ணீர் சுத்திகரிக்கும் நிலையம் பார்த்தார்கள், பனிக்கட்டித் தொழிற்சாலை பார்த்தார்கள். ஆசிரியர்கள் ரத்தம் கொடுக்கப் போயிருந்த ரத்த வங்கியைப் பார்த்துவிட்டுத் தம்பி வாசலிலேயே மயங்கி விழுந்தான். ஒருமுறை ஏதோ பள்ளி முதலாளி வீட்டுக் கல்யாணம்; விருந்தாளிகளை ஏற்றிவந்த வண்டிகள் மண்டபத்து வாசலில் வரிசையாக நின்றன. அன்றைக்குப் படிப்பு இல்லை, வயிறு நிறையச் சாப்பாடு. தம்பி இன்றுவரை அதைத்தான் தான் போன சுற்றுலாக்களிலேயே சிறந்தது என்பான்.

அப்பா மட்டும் எங்கேயும் உள்ளே வர மாட்டார். "எல்லாரும் உள்ள போயிட்டா செருப்பை யாரு பாத்துக்கறது?" என்பார். எந்த இடத்திலும் செருப்பைக் கழற்றச் சொன்னதில்லை. வெளியே ஏதாவது சுவரோரம் உட்கார்ந்துகொள்வார். பிள்ளைகள் பார்த்துவிட்டு வந்து முதலிலிருந்து சொல்ல வேண்டும். நடுநடுவே கேள்வி கேட்பார். தண்ணி எந்தப் பக்கமா உள்ள வருது? அந்த மருந்தை யாரு போடறா? மூடி இருக்கா? பதில் தெரியாவிட்டால், "போ, போய்ப் பாத்துட்டு வா" என்று திருப்பி அனுப்புவார். மறுநாள் கயிற்றில் தொங்கியபடி பக்கத்துப் பலகைக்காரர்களுக்கு அதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்வாராம்.

கல்லூரிக்குப் போன பிறகுதான் மகளுக்குக் கோபம் வந்தது. கூடப் படித்தவர்களும் சின்ன வயதில் அதே இடங்களுக்குப் போயிருந்தார்கள். அவர்களுடைய அப்பாக்கள் உள்ளே வந்திருந்தார்கள், கைநீட்டி விளக்கியிருந்தார்கள். வாசலில் உட்கார்ந்திருக்கும் அப்பா என்பது தன் வீட்டில் மட்டும்தான் என்று தெரிந்தபோது அவமானம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்றே அவளுக்குப் புரியவில்லை. யார்மேல் கோபம் என்றும் புரியவில்லை. கிடைத்தவர் மேல் காட்டினாள். வீட்டில் கிடைத்தவர் எப்போதும் அப்பாதான்.

தன் பெண்ணுக்கு அப்படி நடக்கக்கூடாது. இந்த விடுமுறைக்காக மகள் மாதக்கணக்கில் தேடினாள். கோளரங்கமா, புதைபடிவக் காட்சிக்கூடமா, பறவைகள் சரணாலயமா என்று ஒவ்வொன்றையும் அலசி, வயதுக்கு ஏற்றதா, விளக்கிச் சொல்ல ஆள் உண்டா, எத்தனை நாள் தங்கலாம் என்று நாத்தனாரிடம் ஃபோனில் கேட்டுக் கேட்டு, கடைசியில் தூரத்து நகரத்துக் கோளரங்கத்தை முடிவு செய்தாள். நாத்தனார் குடும்பமும் சேர்ந்து போவதாக ஏற்பாடு. ரயில் நாளைக் காலையில்.

அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அங்க மஞ்ச வண்டி நிக்குமா?"

"உங்க மஞ்ச வண்டிய விட்டுத் தொலைங்கப்பா" என்றாள். அவர் விட்டுத் தொலைக்கவில்லை. முந்தாநாள் அவள் வேலைக்குப் போன நேரத்தில் குட்டியைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். புதுப் பள்ளியாண்டு தொடங்குவதற்கு முன் ஊரிலுள்ள பள்ளிப் பேருந்துகள் எல்லாம் பரிசோதனைக்கு அந்த மைதானத்துக்கு வரும். அத்தனை மஞ்சள் வண்டியை ஒரே இடத்தில் அவர் ஆயுளில் பார்த்திருக்க மாட்டார். லீவு நாளில் எந்தப் பள்ளிக்கூடம் சுற்றுலா போகும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"குட்டிய நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார் நாத்தனார், குரலைத் தாழ்த்தி. "வேன் வர்றதுக்கு முன்னாடி. நம்ம வீட்டுல இருக்கட்டும். காலையில ரயிலேறிடுவோம். இடம் மாறினா மனசு மாறும். செத்தவர்கிட்ட உக்காந்து பேசிட்டிருந்திருக்கா, அது அவளுக்குத் தெரியவே கூடாது. தூங்கிட்டே போயிட்டாருன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. மகள் உள்ளே போய்க் குட்டியின் துணிகளை எடுத்துப் பையில் வைத்தாள். கூடத்தில் அப்பா படுத்திருந்தார். அம்மா அவர் காலடியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பையைப் பார்த்தாள். "போகுதா புள்ள?" என்றாள். மகள் தலையாட்டினாள். அம்மா மறுபடியும் சுவரைப் பார்த்தாள்.

ஜிப் மாட்டிக்கொண்டது. மகள் அதை இழுத்துக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ தன்னை விசாரிப்பது கேட்டது.

மைதானத்து ஆய்வாளர் வந்திருந்தார். காக்கிச் சட்டையின் கையில் கிரீஸ் கறை. அப்பா அங்கே விட்டுவிட்ட துணிப்பையைக் கொண்டுவந்திருந்தார். உள்ளே குடையும் ஒரு துண்டும். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். யாரும் கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தார்.

"பெரியவர் நேரா எங்கிட்ட வந்து, இங்க பசங்களுக்கு என்ன காட்டறீங்கன்னு கேட்டாரு. எனக்குப் புரியல. பசங்க இல்லைங்க, பஸ்ஸைத்தான் பாக்கறோம்னேன். சரி, அதைக் காட்டுங்கன்னாரு." அவர் கையிலிருந்த கறையைத் தேய்த்தார். "முடியாதுன்னு சொல்லத் தோணல. நானே பாப்பாவைக் கூட்டிட்டுப் போய் எல்லாத்தையும் காட்டினேன். அவரு வெளிய சுவரோரமா உக்காந்துட்டாரு."

பக்கத்தில் நின்றிருந்த நாத்தனார் தலையைச் சாய்த்தார். "பாவம்" என்றார்.

"பாவமெல்லாம் ஒண்ணும் இல்ல அண்ணி" என்றாள் மகள். "மஞ்ச வண்டி நிக்கற இடத்துலதான் படிப்பு இருக்குன்னு நெனச்சாரு. அப்படித்தான் எங்க ரெண்டு பேரையும் படிக்க வெச்சாரு. அதான் போனாரு. இனிமே யாராவது கேட்டா நீங்களே சொல்லிடுங்க."

நாத்தனார் சாய்த்த தலையை நிமிர்த்தினார். மகள் ஆய்வாளரைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனாள். "அவ வெளிய வந்தப்போ எங்கப்பாவுக்கு உசிரு இருந்துச்சா?"

அவர் தரையைப் பார்த்தார். "சாஞ்சு உக்காந்திருந்தாரு. தூங்கறாருன்னு நெனச்சு நான் உள்ள போயிட்டேன். திரும்பி வந்தப்போ பாப்பா இன்னும் பேசிட்டிருந்துச்சு. எழுப்பலாம்னு தொட்டேன். கை சில்லுனு இருந்துச்சு." மறுபடியும் கறையைத் தேய்த்தார். "எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதாம்மா."

அமரர் வேன் வந்து தெருமுனையில் பின்பக்கமாகத் திரும்பியது. நாத்தனாரின் கார் அதற்கு வழிவிட்டு நகர்ந்து, எதிர்வீட்டு வாசலில் கதவு திறந்தபடி நின்றது. நாற்காலியில் இருந்தவர்கள் எழுந்தார்கள். கண்ணாடி துடைக்கும் ஆட்கள் நான்கு பேர் உள்ளே போய், பழகிய கைகளோடு அப்பாவைத் தூக்கி வந்தார்கள். எடை மாறாமல், சாயாமல், அவரைக் கயிற்றில் இறக்குவது போலவே வேனுக்குள் வைத்தார்கள். யாரும் கத்தி அழவில்லை. அம்மா வாசற்படி வரை வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

குட்டி தோளில் பையோடு காரின் அருகே நின்றிருந்தாள். மகள் அவள் முன்னால் குனிந்து, சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"அம்மா, தாத்தா எப்ப செத்தாரு?"

"முந்தாநாள்."

"அது தெரியும். நான் சொல்லிட்டிருந்தப்பவா, அதுக்கு முன்னாடியேவா?"

"தாத்தா தூங்கிட்டே போயிட்டாருடா கண்ணா" என்றார் நாத்தனார். "வா, ஏறு. நாளைக்கு நட்சத்திரமெல்லாம் பாக்கப் போறோம்ல."

குட்டி அவரைப் பார்க்கவே இல்லை. தன் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பதில் தெரியாத ஆளிடம் கேட்டுவிட்டோமோ என்கிற பார்வை.

மகளுக்கு ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. கேட்டாரு கண்ணு, எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் போனாரு. சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவள் சொல்லவில்லை. "நீ எதுலேர்ந்து ஆரம்பிச்ச?" என்றாள்.

"சக்கரத்துலேர்ந்து. அப்புறம் பிரேக். அப்புறம் குழிக்குள்ள இறங்கி பஸ்ஸோட வயித்தைப் பாத்தது."

"தாத்தா நடுவுல ஏதாவது கேட்டாரா?"

குட்டி யோசித்தாள். "எப்பவும் கேப்பாரு. அன்னிக்கு ஒண்ணுமே கேக்கல." மறுபடியும் யோசித்தாள். "அப்ப சக்கரத்தைக்கூடக் கேட்டிருக்க மாட்டாரு."

"மாட்டாரு" என்றாள் மகள்.

நாத்தனார் மூச்சை இழுத்துவிட்டார். "என்னம்மா இது, சின்னக் குழந்தைகிட்ட" என்றார். குட்டி அழவில்லை. பையின் வாரைச் சுருட்டிச் சுருட்டி விட்டாள்.

"அப்ப முதல்லேர்ந்து சொல்லணுமா?"

"சொல்லணும்னு தோணினா இப்பவே சொல்லிடு. அப்புறம் முடியாது."

மகள் அவள் தோளிலிருந்து பையைக் கழற்றி நாத்தனாரின் காருக்குள் வைக்கப் போனாள். வைக்காமல் வாசற்படியில் நின்ற அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டாள். பிறகு மகள் குட்டியின் கையைப் பிடித்து வேனின் பின்கதவு வரை நடந்தாள். உள்ளே தம்பியும் கயிற்றுக்காரர்களும் பக்கவாட்டுப் பலகையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். தம்பி அக்காவைப் பார்த்தான். பிறகு நகர்ந்து, அப்பாவின் தலைமாட்டில் இடம் விட்டான். அவள் குட்டியைத் தூக்கி உள்ளே ஏற்றினாள்.

ஓட்டுநர் எஞ்சினைக் கிளப்பினார். குட்டியின் வாய் அசைவது தெரிந்தது. என்ன சொல்கிறாள் என்பது கேட்கவில்லை. மகள் முன்பக்கம் போய் ஜன்னலைத் தட்டினாள்.

"கொஞ்சம் வண்டியை அணைங்க."

"மயானத்துல நேரம் குடுத்திருக்காங்கம்மா. அடுத்தவங்க வந்துடுவாங்க."

"வரட்டும்."

அவர் அவளை ஒருமுறை பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினார். தெருவில் நின்றவர்கள் என்ன ஏது என்று புரியாமல் அப்படியே நின்றார்கள். நாத்தனார் காரின் கதவை மெல்லச் சாத்தினார். இப்போது குட்டியின் குரல் கேட்டது. அவசரமில்லாமல், பாடம் ஒப்பிப்பது போல, சக்கரத்தை முடித்துவிட்டு, பிரேக்கை முடித்துவிட்டு, குழிக்கு வந்திருந்தாள்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த வயதான கயிற்றுக்காரர் முன்னால் குனிந்தார். "குழின்னா எவ்வளவு ஆழம் பாப்பா?" என்றார்.

குட்டி எழுந்து நின்று, கையைத் தலைக்கு மேல் உயர்த்திக் காட்டினாள். அது வேனின் கூரையில் இடித்தது. "இன்னும் மேல" என்றாள்.